ஜான் ஹாட்டியும் 0.40 என்ற எண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி அடிபடும் பெயர் ஜான் ஹாட்டி. அவர் பெயரைச் சொல்லி வீட்டுப்பாடமே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதே பெயரைச் சொல்லி வீட்டுப்பாடம் கட்டாயம் வேண்டும் என்பவர்களும் உண்டு. கற்றலுக்கு எது எவ்வளவு உதவுகிறது என்று அவர் எண் போட்டு வரிசைப்படுத்திய ஒரே பட்டியலைத்தான் இரண்டு தரப்பும் கையில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது, எங்கே நம்புவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த ஜான் ஹாட்டி?

நியூசிலாந்தின் திமாரு என்ற ஊரில் 1950இல் பிறந்தவர். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடிப்படையில் அளவியல்காரர்: தேர்வுகள் எதை அளக்கின்றன, எவ்வளவு சரியாக அளக்கின்றன என்பதுதான் அவருடைய துறை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, நியூசிலாந்துப் பள்ளிகளுக்கான 'ஆஸ்டில்' என்ற மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2011இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அளவியல்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பலமும் பலவீனமும் அங்கிருந்துதான் வருகின்றன.

அப்படி என்ன செய்தார்?

அவர் புதிதாகப் பரிசோதனை எதையும் நடத்தவில்லை. ஏற்கெனவே நடந்தவற்றை ஒன்றுசேர்த்தார்.

ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து, ஒட்டுமொத்தமாக ஒரு விடை காண்பதற்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயர். தமிழில் தொகுப்பாய்வு எனலாம். 1976இல் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆய்வுகளுக்குச் சரிவராது. ஒரு பள்ளியில் பலித்தது இன்னொன்றில் பலிக்காமல் போகும். அதனால்தான் தொகுப்பாய்வு தேவைப்படுகிறது.

ஹாட்டி இன்னொரு படி மேலே போய், தொகுப்பாய்வுகளையே தொகுத்தார். 800க்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகள், அவற்றுக்குள் 50,000க்கும் மேற்பட்ட ஆய்வுகள். கற்றலைப் பாதிக்கக்கூடிய 138 காரணிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினார். 2009ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்த 'விசிபிள் லேர்னிங்' என்ற நூல் அதுதான். கண்ணுக்குத் தெரியும் கற்றல் என்று அதற்குப் பொருள். மாணவர் எப்படிக் கற்கிறார் என்பது ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆசிரியர் எதற்காக இப்படிக் கற்பிக்கிறார் என்பது மாணவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கருத்து.

அந்த எண் எதைக் குறிக்கிறது? கணக்கு வராதவர்களுக்கும் புரியுமா?

புரியும். அதற்கு விளைவு அளவு என்று பெயர். ஒரு தேர்வில் வகுப்பின் சராசரி 50 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 50 எடுத்திருக்க மாட்டார்கள். சிலர் 35, சிலர் 65. இந்தச் சிதறலை ஒரே எண்ணில் சொல்வதுதான் திட்ட விலக்கம். அது 15 என்று கொள்வோம். இப்போது ஒரு புது முறையில் பாடம் நடத்திய வகுப்பு சராசரியாக 56 எடுக்கிறது. வித்தியாசம் 6. அதை 15ஆல் வகுத்தால் 0.40. அவ்வளவுதான் விளைவு அளவு.

மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிடாமல் எதற்கு இந்தச் சுற்று? ஓர் ஆய்வில் 100 மதிப்பெண் தேர்வு, இன்னொன்றில் 20 மதிப்பெண் தேர்வு, மூன்றாவதில் வாசிப்பு வேகம். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர இப்படி வகுத்துத்தான் ஆகவேண்டும்.

0.40 என்றால், புது முறையில் படித்த சராசரி மாணவர், பழைய முறையில் படித்தவர்களில் ஏறக்குறைய 66 சதவீதம் பேரைவிட மேலே இருப்பார். வித்தியாசமே இல்லாவிட்டால் 50 சதவீதம் பேருக்கு மேலே இருந்திருப்பார். 1.0 என்றால் 84 சதவீதம்.

ஏன் எல்லோரும் 0.40ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஹாட்டி கண்ட மொத்தச் சராசரி அது. இந்த இடம்தான் அவருடைய வேலையின் உயிர் என்று எனக்குப் படுகிறது.

138 காரணிகளில் பூஜ்யத்துக்குக் கீழே போனவை ஐந்தே ஐந்து. அதாவது பள்ளியில் எதைச் செய்தாலும் ஏதோ கொஞ்சம் பலன் தெரியும். புது மென்பொருளா? பலன் உண்டு. நேர அட்டவணையை மாற்றினீர்களா? அதிலும் உண்டு. பிள்ளைகள் வளர்கிறார்கள், ஆசிரியர்கள் உற்சாகமாக இருக்கிறார்கள், புதுமைக்கே ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆகவே "நாங்கள் இதைச் செய்தோம், மாணவர்கள் முன்னேறினார்கள்" என்ற வாக்கியத்தை யாரும், எதற்கும் சொல்லிவிடலாம். அது எதையும் நிரூபிக்காது.

ஹாட்டி கேள்வியை மாற்றினார். பலன் இருக்கிறதா என்று கேட்காதே. அதே நேரத்தையும் பணத்தையும் வேறொன்றில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பலனைவிட இது அதிகமா என்று கேள். ஒப்பிடுவதற்கான கோடு பூஜ்யமாக இருக்கக் கூடாது, சராசரியான 0.40ஆக இருக்கவேண்டும் என்றார். இந்தக் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பது வேறு சண்டை, கீழே வருகிறேன்.

பட்டியலில் மேலே என்ன, கீழே என்ன?

2009 பட்டியலிலிருந்து சில: வளரறி மதிப்பீடு 0.90, அதாவது பாடம் நடக்கும்போதே மாணவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, அடுத்த பாடத்தை அதற்கேற்ப மாற்றுவது. ஆசிரியர் தெளிவாகச் சொல்வது 0.75. ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள உறவு 0.72. ஒரே மூச்சில் படிக்காமல் இடைவெளி விட்டுப் படிப்பது 0.71. நேரடிக் கற்பித்தல், அதாவது ஆசிரியரே படிப்படியாக விளக்கிச் செய்துகாட்டிப் பழகவைப்பது, 0.59.

கீழே வந்தால், திறன் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து உட்காரவைப்பது 0.12. சுவரில்லாத திறந்த வகுப்பறைகள் 0.01. ஒரு காலத்தில் இந்தத் திறந்த வகுப்பறைகளுக்காகக் கட்டடங்களையே மாற்றினார்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே: ஒரே வகுப்பில் மறுபடி உட்காரவைப்பது −0.16, தொலைக்காட்சி −0.18, அடிக்கடி பள்ளி மாறுவது −0.34.

வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தால் பலன் இல்லையா?

பலன் இல்லை என்று ஹாட்டி சொல்லவில்லை. 0.21 என்றார், 25 பேர் வகுப்பை 15ஆகக் குறைப்பதுபோன்ற மாற்றத்துக்கு. எதிர்பார்ப்பைவிடக் குறைவு, செலவோ மிக அதிகம் என்பதுதான் அவர் வாதம்.

இதில் பார்க்கவேண்டியது எண்ணைவிட அதற்குப் பின்னால் உள்ள காரணம். 30 பேருக்கு நடத்திய மாதிரியே ஆசிரியர் 15 பேருக்கும் நடத்தினால் என்ன மாறப்போகிறது? அதே கரும்பலகை, அதே உரை, கேட்பவர்கள்தான் குறைவு. ஒவ்வொருவரின் நோட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பைப் பயன்படுத்தினால்தான் சிறிய வகுப்புக்கு அர்த்தம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில், மாணவர்களைக் குலுக்கல் முறையில் சிறிய வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் பிரித்துச் சோதித்தார்கள். சிறியதில் 13 முதல் 17 பேர், பெரியதில் 22 முதல் 25 பேர். கிடைத்த பலனும் கிட்டத்தட்ட ஹாட்டியின் எண்ணை ஒட்டியதுதான். ஆனால் கறுப்பினக் குழந்தைகளுக்கு அது சராசரியைவிடப் பெரிதாக இருந்தது. சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் இது தெரியாது.

வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறாரே?

இல்லை. மொத்தச் சராசரி 0.29. ஆனால் தொடக்கப் பள்ளியில் 0.15, மேல்நிலை வகுப்புகளில் 0.64. முன்னுரையில் சொன்ன இரண்டு தரப்பும் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது தெரிகிறதா? ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வகுப்பில் ஏற்கெனவே புரிந்ததைப் பழகிப்பார்ப்பதற்கான சின்ன வீட்டுப்பாடம் நல்லது. புரியாததை வீட்டில் போய்க் கண்டுபிடி என்று அனுப்புவது சிறு பிள்ளைகளுக்குச் சுமைதான்.

பின்னூட்டம் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்?

மாணவர் செய்ததைப் பார்த்து அவருக்குச் சொல்லும் பதில்தான் பின்னூட்டம். பட்டியலில் 0.73 பெற்றது என்பதால் மட்டுமல்ல. ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007இல் எழுதிய பின்னூட்டக் கட்டுரை, என் கணிப்பில், பட்டியலைவிடப் பயனுள்ளது. நல்ல பின்னூட்டம் மாணவருக்கு மூன்று கேள்விகளுக்கு விடை தரவேண்டும் என்கிறார்கள்: நான் எங்கே போகவேண்டும்? இப்போது எங்கே இருக்கிறேன்? அடுத்து என்ன செய்யவேண்டும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டாள். மிகச் சாதாரணமான தவறு. ஆசிரியர் நான்கு விதமாகப் பதில் சொல்லலாம்.

"பரவாயில்லை, நீ கெட்டிக்காரி, அடுத்த முறை சரியாகச் செய்வாய்." இது ஆளைப் பற்றியது, கணக்கைப் பற்றியது அல்ல. கேட்க இனிமை, கற்க ஒன்றுமில்லை.

"தவறு. விடை 5/6." இது வேலையைப் பற்றியது. சரியான விடை தெரிந்துவிட்டது; எங்கே வழி தவறினோம் என்று தெரியவில்லை. அடுத்த கணக்கிலும் அதே தவறு வரும்.

"பகுதிகள் வேறாக இருக்கும்போது கூட்டுவதற்கு முன் என்ன செய்யவேண்டும்?" இது செய்முறையைப் பற்றியது.

"உன் விடை 2/5. அது பாதியைவிடப் பெரிதா, சிறிதா? பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அப்படி வரலாமா?" இது தன் விடையைத் தானே சோதிக்கும் பழக்கத்தைத் தருகிறது. அவள் ஒரு நிமிடம் பார்ப்பாள். அப்புறம் தானே அழிப்பாள். இனி ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தக் கேள்வி அவளிடம் இருக்கும்.

ஹாட்டியும் டிம்பர்லியும் சொல்லும் நான்கு நிலைகள் இவைதான். முதல் வகைக்குப் பலன் மிகக் குறைவு. கடைசி இரண்டுக்கும் அதிகம்.

அப்படியானால் பின்னூட்டம் எப்போதும் நல்லதுதானே?

அதுதான் இல்லை. குளூகரும் டெனிசியும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் பின்னூட்டம் பலனைக் குறைத்தே விட்டது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் எழுதித் தரப்பட்ட மாணவர்கள் முன்னேறினார்கள்; அதே கருத்தோடு மதிப்பெண்ணும் போட்டுத் தந்தபோது முன்னேற்றம் காணாமல் போனது. மதிப்பெண்ணைப் பார்த்தபின் யார் கருத்தைப் படிப்பார்கள்?

இன்னொரு நியூசிலாந்து ஆய்வாளர் கிரஹாம் நட்ஹால். மாணவர்களுக்குச் சின்ன மைக்குகளை மாட்டிவிட்டு, வகுப்பில் அவர்கள் முணுமுணுப்பதையெல்லாம் பதிவுசெய்தார். ஒரு மாணவருக்குக் கிடைக்கும் பின்னூட்டத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் சக மாணவர்களிடமிருந்துதான் வருகிறது. அதில் பெரும்பகுதி தவறானது என்று கண்டார். ஆசிரியர் முன்னால் நின்று அழகாக விளக்கிக்கொண்டிருக்க, பின் பெஞ்சில் வேறொரு பள்ளிக்கூடம் நடக்கிறது.

2020இல் ஹாட்டியே விஸ்னீவ்ஸ்கி, சீரர் ஆகியோருடன் சேர்ந்து பின்னூட்டத்தைப் புதிதாகக் கணக்கிட்டார். 435 ஆய்வுகள், விடை 0.48. பழைய 0.73 இறங்கிவிட்டது. தன் எண்ணைத் தானே குறைத்து வெளியிட்டதை அவருக்குச் சாதகமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலிடத்தில் 'மாணவரே சொல்லும் மதிப்பெண்' என்று இருக்கிறதே, அதை எப்படிச் செயல்படுத்துவது?

செயல்படுத்தவே முடியாது. பட்டியலை மேலோட்டமாகப் படிப்பவர்கள் விழும் பெரிய பள்ளம் இது.

2009இல் 1.44 பெற்று முதலிடத்தில் நின்ற காரணி இது. "நீ எவ்வளவு மதிப்பெண் எடுப்பாய் / எடுத்தாய்?" என்று மாணவரைக் கேட்டு, அதை உண்மையான மதிப்பெண்ணோடு ஒப்பிட்ட ஆய்வுகள் அவை. இரண்டும் நெருங்கி வந்தன. அதாவது தங்கள் நிலைமை மாணவர்களுக்கே நன்றாகத் தெரியும். சரி, இது ஒட்டுறவு. ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து போகிறது. கேட்டதால் மதிப்பெண் கூடியது என்று யாரும் காட்டவில்லை. வெப்பமானியைப் பார்த்தால் காய்ச்சல் எவ்வளவு என்று தெரியும். பார்த்ததாலேயே காய்ச்சல் இறங்காது.

கற்பித்தல் முறையையும் இப்படிப்பட்ட ஒட்டுறவையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான் தவறு. ஹாட்டி பின்னர் இதை 'மாணவரின் எதிர்பார்ப்பு' என்ற பொருளில் விளக்கினார்: மாணவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் உச்சவரம்பைத் தாண்டவைப்பதே ஆசிரியரின் வேலை என்று. நல்ல யோசனைதான். ஆனால் அந்த 1.44 இந்த யோசனையை அளந்த எண் அல்ல.

எல்லாம் ஆசிரியர் கையில்தான் என்கிறாரா?

2003இல் அவர் சொன்ன கணக்கு: மாணவர்களின் அடைவில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 50 சதவீதம் மாணவரோடு வருவது, சுமார் 30 சதவீதம் ஆசிரியர். வீடு, பள்ளி, சக மாணவர்கள் ஒவ்வொன்றும் 5 முதல் 10 சதவீதம். வீட்டுக்கு இவ்வளவு குறைவா என்று கேட்பீர்கள். பள்ளிக்கு வரும்போதே மாணவர் கொண்டுவரும் சொல்வளமும் ஆர்வமும் அந்த 50 சதவீதத்துக்குள் போய்விடுகின்றன. அவை பெரும்பாலும் வீட்டில் விளைந்தவைதானே. பள்ளியால் மாற்றக்கூடியவற்றுள் ஆசிரியரே பெரியவர் என்பது நியாயமான வாசிப்பு. வறுமை ஒரு பொருட்டே இல்லை என்று அதை வாசிப்பது அநியாயம். அப்படி வாசித்த நிர்வாகிகள் இருக்கிறார்கள்.

ஆசிரியரின் பாட அறிவுக்கு 0.09தானா? அப்படியானால் பாடம் தெரியாதவரே போதுமா?

போதாது. பாடம் தெரிந்த ஆசிரியர்களுக்குள், இன்னும் கொஞ்சம் அதிகம் தெரிந்தவர் பெரிய வித்தியாசம் செய்வதில்லை என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. பாடமே தெரியாதவரை வைத்து யாரும் ஆய்வு நடத்தவில்லை.

கணக்கிலேயே தவறு இருந்தது என்கிறார்களே?

உண்மை. நூலில் ஒவ்வொரு விளைவு அளவையும் எளிய சதவீதமாக மாற்றித் தந்திருந்தார்: புது முறையில் படித்த ஒருவரையும் பழைய முறையில் படித்த ஒருவரையும் குலுக்கலில் எடுத்தால், 100க்கு எத்தனை தடவை முதலாமவர் மேலே இருப்பார் என்று. வீட்டுப்பாடத்தின் 0.29ஐ 100க்கு 21 என்று எழுதினார். சரியான விடை சுமார் 58. எந்தப் பலனும் இல்லாவிட்டாலே 50 வரவேண்டும். நாணயம் சுண்டுவது மாதிரி. சில இடங்களில் சதவீதம் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது. நிகழ்தகவு எங்கேயாவது மைனஸில் வருமா? சில ஆண்டுகள் பலர் படித்தும் இது பேசப்படாமல் கிடந்தது. நார்வேயைச் சேர்ந்த டோப்ஹோல் என்ற ஆய்வாளர்தான் எழுதிக் காட்டினார். விளைவு அளவுகளை இந்தப் பிழை பாதிக்கவில்லை. இருந்தாலும், அளவியல்காரரின் நூலில் இது இருந்ததும், படித்தவர்கள் கவனிக்காததும் சங்கடமான சேதிதான்.

வேறு என்ன விமர்சனங்கள்?

கனடாவின் பெர்ஜெரோன் 2017இல் இந்தக் கணக்கை 'போலி அறிவியல்' என்றே எழுதினார். அமெரிக்காவின் ராபர்ட் ஸ்லேவின் 2018இல் 'ஹாட்டி சொல்வது தவறு' என்று தலைப்பிட்டே எழுதினார். ஸ்லேவினின் வாதம் எனக்கு வலுவாகத் தெரிகிறது: உள்ளே போகும் ஆய்வுகளின் தரத்தைச் சலிக்காமல் சராசரி எடுத்தால் வெளியே வருவதும் அப்படித்தான் இருக்கும். ஆய்வாளரே தயாரித்த தேர்வை வைத்து அளந்தால், பொதுவான தேர்வில் கிடைப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விளைவு தெரியும் என்று அவரும் ஆலன் சியுங்கும் 2016இல் காட்டியிருந்தார்கள்.

வயதும் குழப்பும். சின்னக் குழந்தைகள் ஓர் ஆண்டில் வாசிப்பில் வேகமாக வளர்கிறார்கள். அமெரிக்கத் தேர்வுகளில் முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது வளர்ச்சி 0.97; 11இலிருந்து 12க்குப் போகும்போது 0.06. இந்த இருவருக்கும் 0.40 என்ற ஒரே கோட்டைப் போட்டால், ஒருவருக்கு அது மிகத் தாழ்வு, மற்றவருக்கு எட்டாத உயரம்.

அப்படியானால் 0.40க்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடலாமா?

வேண்டாம். மேத்யூ கிராஃப்ட் 2020இல், குலுக்கல் முறையில் நடந்த 747 பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார். நடுவில் நிற்கும் விளைவு அளவு வெறும் 0.10. கண்டிப்பான முறையில், பொதுவான தேர்வுகளை வைத்து அளக்கும்போது 0.20 கிடைத்தாலே பெரிய வெற்றி என்கிறார். செலவையும் சேர்த்துப் பார் என்பது அவருடைய இன்னொரு அறிவுரை. காசே செலவில்லாமல் கிடைக்கும் 0.10, கோடிகள் கொட்டிக் கிடைக்கும் 0.30ஐவிட மேலானதாக இருக்கலாம்.

என் வகுப்பில் நானே கணக்கிடலாமா?

தாராளமாக. பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, முடிந்தபின் அதே கடினத்தில் ஒரு தேர்வு. முன் சராசரி 48, பின் சராசரி 56. திட்ட விலக்கங்கள் 14, 16. அவற்றின் சராசரி 15. வித்தியாசம் 8ஐ 15ஆல் வகுத்தால் 0.53.

உடனே 0.40ஐத் தாண்டிவிட்டோம் என்று கொண்டாட வேண்டாம். பாடமே நடத்தாமல் இருந்திருந்தாலும் கொஞ்சம் கூடியிருக்கும்; ஒப்பிட இன்னொரு வகுப்பு இல்லை. 20 பேர் வகுப்பில் இரண்டு பேர் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்திருந்தாலே எண் ஆடிவிடும். வகுப்பு எண்ணைவிட ஒவ்வொருவரின் எண்ணைப் பாருங்கள். வகுப்பு 8 ஏறியபோது 3 இறங்கிய நான்கு பேர் யார்? ஏற்கெனவே 90இல் இருந்து 91க்குப் போனவர் இத்தனை வாரங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்? நட்ஹால் இதையும் சொல்லியிருக்கிறார்: ஆசிரியர் கற்பிக்க நினைப்பதில் 40 முதல் 50 சதவீதம் மாணவர்களுக்கு முன்பே தெரியும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது வேறு வேறு பாதி.

புதிய பட்டியல் ஏதாவது வந்திருக்கிறதா?

எண்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. 2017 வாக்கில் காரணிகள் 250ஐத் தாண்டின. 'நாம் சேர்ந்தால் இந்தப் பிள்ளைகளை முன்னேற்ற முடியும்' என்ற ஆசிரியர்களின் கூட்டு நம்பிக்கை 1.57 என்று மேலே வந்தது. இதுவும் ஒட்டுறவுதான், பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் பள்ளியில் ஆசிரியர்களுக்கு நம்பிக்கை தானாகவே வரும் அல்லவா? 2023இல் வந்த தொடர்ச்சி நூல் 2,100க்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை எடுத்துக்கொள்கிறது. முதல் நூலின் பின்னிணைப்புப் பட்டியலை நகலெடுத்து மேசையில் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாணவி எழுதிய 2/5ஐ வைத்துக்கொள்ளலாம்.